மீசை வைத்த பிரேக் அக்கா

எங்கள் தெருவில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, சாவி வெட்டிக் கொடுக்கும் என் கடை. வேலைக்கு நடுவே நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறவர் ஒருவர்தான். கூரையில் எல் போர்டு வைத்த வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி ஓயாமல் பேசிக்கொண்டு போகிற பிரேக் அக்கா.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அக்கா முதலில் அதைத்தான் காட்டுவார். "பிரேக் என்கிட்டயும் இருக்கு. அப்புறம் என்ன பயம்?" என்பார். கேட்டவர்கள் எல்லாம் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அவர் வீட்டுக்கு எரிவாயு சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட "பிரேக் அக்கா வீடு எது?" என்றுதான் கேட்கிறார்.

அக்கா அந்த ஸ்கூலுக்கு முதலில் வந்தது போன் எடுக்கிற வேலைக்கு. மதியம் வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் முதலாளியிடம் கேட்டுக் கேட்டுத் தானும் ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்போது அங்கே இருந்த மாஸ்டர்கள் எல்லாரும் கத்துகிற ரகம். கற்றுக்கொள்ள வந்த பெண்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே இறங்கிப் போவார்கள், அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர்களைத் திரும்ப வரச்சொல்லி போன் பண்ணுகிற வேலையும் அக்காவுடையதுதான். ஒரு தடவை போனில் ஒரு பெண், "நீங்க சொல்லிக் குடுக்கிறதா இருந்தா வர்றேன்" என்றாள். முதலாளி தலையைச் சொறிந்தார். அக்கா அந்தப் பேச்சை விடவில்லை. கற்றுக்கொடுப்பதற்கான லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதிலிருந்து போன் எடுக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அவர் கற்றுக்கொடுக்கிற விதமே தனி. கிளட்ச், கியர் என்று ஆரம்பிக்க மாட்டார். மாமியாருக்கு முழங்கால் வலி, பேக்கரியில் வேலை பார்க்கும் கணவர் தூக்கத்திலும் மாவு பிசைவது என்று வீட்டுக் கதையாக ஓடும். கேட்கிறவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி மூன்றாவது கியருக்குப் போயிருக்கும். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை அணைத்துவிடுகிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்வார். "தூங்குற குழந்தையோட தலைக்கு அடியில உங்க கை மாட்டிக்கிச்சுன்னு வைங்க. எப்படி உருவுவீங்க? அப்படி எடுங்க காலை." நானும் அந்தக் குழந்தையைப் பலமுறை எழுப்பி, அப்புறம்தான் வண்டி ஓட்டினேன்.

அப்படி இருக்கையில்தான் கண்ணாடியம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது. முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடி. கணவர் இருந்தவரைக்கும் அவர்தான் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போவாராம். இப்போது தனியாக இருக்கிறார். என்ன வேலை என்று அக்கா கேட்டதற்கு, "வீட்ல உக்காந்து எழுதுற வேலை" என்று சொன்னார். ஏதோ கணக்கு எழுதுகிறார் போலிருக்கிறது என்று அக்காவும் விட்டுவிட்டார்.

கண்ணாடியம்மாவுக்கு எல்லாம் வந்தது. வலது பக்கம் திரும்புவது மட்டும் வரவில்லை. எதிரே வருகிற வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும் என்றாலே கை விறைத்துப்போகும். "இடது பக்கமே போகலாமா?" என்று கெஞ்சுவார். அக்கா மறுக்கவில்லை. இடது, இடது, இடது என்று திரும்பி, பூங்காவைச் சுற்றி, பஸ் நிலையத்தைச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து நிற்பார்கள். "ஊரைச் சுத்திப் பாக்க நல்ல வழிம்மா இது" என்பார் அக்கா. அந்தக் கார் என் கடையை ஒரே திசையில் திரும்பத் திரும்பக் கடந்து போவதைப் பார்த்து எனக்கே தலை சுற்றும்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆஸ்பத்திரி சிக்னலுக்குப் போய்ச் சேர்ந்தால், இடது பக்கத் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். நேரே இருந்தது உள்ளே நுழையக்கூடாத ஒருவழிப் பாதை. வலது பக்கம் திரும்பினால்தான் உண்டு. பின்னால் ஹாரன்கள் அலறின. கண்ணாடியம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னால ஆகாதும்மா. நீ ஓட்டு. நான் இறங்கிக்கிறேன்."

அக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் மேலே இழுத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தாங்க, பாத்துக்குங்க. இப்போ பிரேக் என்கிட்ட இல்ல. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"ஐயோ, என்னம்மா பண்ற? காலைக் கீழ வை!"

"வைக்க மாட்டேன். அந்த லாரி போகட்டும். சைக்கிள்காரரும் போயிடட்டும். ஹாரன் அடிக்கிறவங்க அடிக்கட்டும், அது அவங்க அவசரம். உங்களுக்கு எப்ப வழி கிடைக்குதோ அப்ப போங்க. நான் ஒண்ணும் எங்கயும் ஓடிடல."

ஆனால் அக்காவின் கை ஹேண்ட்பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. கண்ணாடியம்மா லாரியைப் போகவிட்டார். சைக்கிளைப் போகவிட்டார். பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்தது போலில்லாமல் தானாகவே, மெதுவாக வலது பக்கம் திரும்பினார். திரும்பி முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த சிக்னல் வந்தபோது, "இன்னொரு தடவை வலது போகலாமா?" என்று அவரே கேட்டார். மழை விடுகிறவரை அன்றைக்கு இருவரும் வலது பக்கமாகவே ஊரைச் சுற்றினார்கள்.

டெஸ்ட்டில் தேறி, எல்லாருக்கும் இனிப்பு கொடுத்து, கண்ணாடியம்மா விடைபெற்றுப் போனார். வருகிறவர்களும் கற்றுக்கொண்டு போகிறவர்களுமாக அக்காவின் நாட்கள் வழக்கம்போல் ஓடின.

அக்காவின் மாமியார் ஒரு டிவி தொடரின் பரம விசிறி. சொத்துக்காக அடித்துக்கொள்ளும் மூன்று மருமகள்களின் கதை. அது ஓடும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒரு சாயங்காலம் அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அம்மாடி! ஓடி வா! உன்னோட குழந்தை டிவியில தூங்குது!"

அக்கா ஈரக் கையோடு ஓடினார். அன்றைக்கு அந்தத் தொடரில் சொத்தும் இல்லை, சண்டையும் இல்லை. முழு அத்தியாயமும் ஒரே ஒரு காருக்குள் நடந்தது. புதிதாகக் கணவனை இழந்த மூத்த மருமகள் வண்டி கற்றுக்கொள்கிறாள். பக்கத்தில் டிரைவிங் மாஸ்டர். பின்னணியில் அழுகை இசை எதுவும் கிடையாது. வைப்பர் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும். அவள் இடது பக்கமாகவே ஊரைச் சுற்றுகிறாள். மாஸ்டர் தன் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டே, தூங்குகிற குழந்தையைச் சொல்லிக் கிளட்சை விடக் கற்றுக்கொடுக்கிறார். கடைசியில் ஒரு சிக்னலில் அவர் செருப்பைக் கழற்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்போ பிரேக் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்கிறார். அவள் திரும்புகிறாள். சிரிக்கிறாள். அதோடு முடிந்தது.

மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். பேக்கரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடி பார்த்தார். அக்காவுக்கு முதலில் உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த மாஸ்டர் ஒரு ஆண். அதுவும் முறுக்கிவிட்ட பெரிய மீசையோடு.

"அத்தை, அது நான்தானே?"

"நீயேதான். பேச்சு, சிரிப்பு எல்லாம் நீதான். மூஞ்சி மட்டும்தான் வேற."

"உனக்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். ஈரக் கையால் அவருக்கு ஒரு அடி விழுந்தது.

அந்த அத்தியாயம் ஊரைக் கலக்கிவிட்டது. மறுநாள் என் கடைக்குச் சாவி வெட்ட வந்தவர்கள் பூட்டை மறந்துவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருடமாகக் கார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் பயந்து கிடந்தவர்கள் எதிரே டிரைவிங் ஸ்கூலில் வந்து குவிந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "டிவியில வந்த மாதிரி சொல்லிக் குடுக்கிற மாஸ்டர் இருக்காரா?"

முதலாளி வந்த வாய்ப்பை விடுகிற ஆளா? அக்காவைத் தவிர அங்கே இருந்த இன்னொரு மாஸ்டருக்கு மீசை உண்டு. அவரைக் கூப்பிட்டு, "நீயும் சம்மணம் போட்டு உக்காரேன்யா" என்றார். அவருக்கு மீசையோடு தொப்பையும் உண்டு. ஒரு காலை மடக்கி மேலே வைத்தவர் இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். நானும் பக்கத்துப் பழக்கடை அக்காவும் போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம்.

ஆனால் பிரேக் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் வழக்கம்போலத் தூங்குகிற குழந்தையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "நீங்களும் அந்த எபிசோட் பாத்தீங்களா? அவர் சொன்னதை அப்படியே காப்பி அடிக்கிறீங்களே!" என்றாளாம். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அத்தனை நேரம் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் என் வாயால சொன்னதை இனிமே நான் சொல்லக்கூடாதாம். கேட்டியா?" என்றார் கடைசியில்.

"அந்தச் சிக்னல்ல நீங்க சம்மணம் போட்டது யாருக்கு அக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அங்கேயே போனை எடுத்துக் கண்ணாடியம்மாவை அழைத்தார். நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"அம்மா, வீட்ல உக்காந்து நீங்க என்ன எழுதுறீங்க?"

"சீரியல் எழுதுறேன்மா" என்று அந்தப் பக்கமிருந்து மெல்லக் குரல் வந்தது.

"சரி. எனக்கு எதுக்கு மீசை வெச்சீங்க?"

கண்ணாடியம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். அவர் எழுதியது பெண்ணாகத்தான். படப்பிடிப்புக்கு முதல் நாள் அந்த வேடத்துக்கு வைத்திருந்த நடிகைக்குக் காய்ச்சல். ஏற்கெனவே தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்த மீசைக்காரர்தான் அன்றைக்குச் சும்மா இருந்தார். நேரம் இல்லாமல் அவரையே உட்கார வைத்துவிட்டார்கள்.

"அது கிடக்கட்டும். என் பேச்சை எல்லாம் எடுத்துக்கிட்டீங்களே, ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டிருக்கணும். தப்புதான்மா. நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அதான் கோபமே."

பிறகு கண்ணாடியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது" என்றார். "அந்த ஆளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. காரை ஒரு டிரெய்லர் மேல ஏத்தி இழுத்துக்கிட்டுப் போய்த்தான் எடுத்தோம். இப்போ ஜனங்க மாஸ்டர் திரும்ப வரணும்னு கேக்குறாங்க. இந்தத் தடவை அவரே தெருவில ஓட்டுற மாதிரி காட்சி வெச்சிருக்கு. உன்கிட்ட அனுப்பட்டுமா?"

நாங்கள் இருவரும் அடக்கிப் பார்த்தோம். முடியவில்லை. என் மேசைமேல் வைத்திருந்த சாவிக் கொத்து கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தோம்.

மீசைக்காரர் வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மறைந்துதான் வந்தார். ஆனால் மீசையை எங்கே ஒளிப்பது? அவர் தெருமுனையில் இறங்கியதுமே பழக்கடை அக்கா, "மாஸ்டர் வந்துட்டார்!" என்று கூவிவிட்டார். கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் காத்திருந்த கூட்டம் வழிவிட்டு நின்றது. அவர் வந்து இடப்பக்கம் மாஸ்டர் இருக்கையில் உட்காரப்போகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, பிரேக் அக்கா அந்தக் கதவைத் திறந்து தான் உட்கார்ந்துகொண்டார். மீசைக்காரர் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். தெருவே அமைதியாயிற்று.

"மேடம், இத்தனை பேர் பாக்குறாங்களே" என்றார் அவர். "இந்த வயசுல எல் போர்டு. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. ஹாரன் அடிக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை. சாவியைத் திருப்புங்க."

அவர் திருப்பினார். கிளட்சை விட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. அப்போது பழக்கடை அக்கா தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ன மாஸ்டர், தூங்குற குழந்தையை எழுப்பிட்டீங்களே!"

தெரு வெடித்துச் சிரித்தது. மீசைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்து, கதவைத் திறந்து இறங்கி நின்று, பிரேக் அக்காவைக் கைகாட்டினார்.

"ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க. அந்தப் பேச்சு எல்லாம் இவங்களோடது. அந்தச் சம்மணமும் இவங்களோடதுதான். நான் மனப்பாடம் பண்ணிச் சொன்னேன், அவ்வளவுதான். உண்மையான மாஸ்டர் இவங்க."

முதலில் கைதட்டியது, காப்பி அடிக்கிறீர்களா என்று கேட்ட அந்தப் பெண்தான். தட்டிவிட்டு ஓடிவந்து ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, சரி, ரோட்டை மறிக்காதீங்க. வண்டி போகணும்" என்று அக்கா எல்லாரையும் விரட்டினார். ஆனால் காது வரைக்கும் சிவந்திருந்தது.

மீசைக்காரர் நல்ல மாணவர். முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றார். அதை அவரே ஒரு பேட்டியில் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது முறை தேறினார். அதற்குள் கண்ணாடியம்மா புதிய அத்தியாயத்தை எழுதிவிட்டார். அதில் அந்த டிரைவிங் மாஸ்டருக்கே வண்டி கற்றுக்கொடுத்த பெண் ஒருத்தி வருகிறாள். அந்த வேடத்தில் பிரேக் அக்காவே நடிக்க வேண்டும் என்று, இந்தத் தடவை முறையாக வீட்டுக்கு வந்து கேட்டார். அக்கா தயங்கினார். மாமியார் அவருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்.

படப்பிடிப்புக்கு நானும் போயிருந்தேன். விளக்கு எரிந்ததும், கேமரா ஓட ஆரம்பித்ததும், வாழ்நாளில் முதல்முறையாக அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தினமும் சொல்கிற பேச்சுதான். "தூங்குற குழந்தை..." என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் வராது. இயக்குநர் திரும்பத் திரும்ப எடுத்தார். "வேற யாரையாவது போட்டுக்குங்க" என்று அக்கா எழுந்துவிட்டார்.

மீசைக்காரர் அவரை உட்கார வைத்தார். "டீச்சர், கேமராவை மறந்துடுங்க. இப்போ நான் வண்டியை எடுக்குறேன், பாருங்க" என்றார். சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கிளட்சைப் பட்டென்று விட்டார். வண்டி துள்ளி அணைந்தது.

"அடடா! எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்று அக்கா பொரிந்து தள்ளினார். குழந்தை வந்தது, தலைக்கு அடியில் சிக்கிய கை வந்தது, எழுதிக்கொடுக்காத மாமியாரின் முழங்கால் வலியும் கூடவே வந்தது. அவர் மூச்சுவிட நிறுத்தியபோது இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார். எல்லாம் பதிவாகியிருந்தது.

அது ஒளிபரப்பான அன்று தெருவே அக்காவின் வீட்டில்தான் இருந்தது. கணவர் பேக்கரியிலிருந்து கூடை நிறைய பன் கொண்டு வந்தார். அக்கா திரையில் வந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரமும் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சத்தம். மாமியார் மட்டும் முகத்தைச் சுளித்து, "தலையைக் கொஞ்சம் நல்லா வாரியிருக்கலாம். என் முழங்காலை வேற ஊருக்கெல்லாம் சொல்லிட்டா" என்றார். அடுத்த நாள் மறுஒளிபரப்பையும் முதல் ஆளாக உட்கார்ந்து அவர்தான் பார்த்தார்.

இப்போது அந்த ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர்களாக இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இருவருமே அக்காவிடம் வண்டி பழகியவர்கள். அக்காவின் குரல் வழக்கம்போல ஜன்னல் வழியாக வந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

கண்ணாடியம்மா அடிக்கடி வருகிறார், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு. முன்பெல்லாம் அக்காவைப் பார்க்க வருவார். இப்போது மாமியாரைப் பார்க்க. நேற்றுகூட இருவரும் படப்பிடிப்பு பார்க்கக் கிளம்பினார்கள். மாமியார் முன்னிருக்கையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, கார் நகர்வதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"நீங்க என்ன வேணா எழுதுங்க. அந்த நடு மருமகளை மட்டும் மன்னிச்சுடாதீங்க. அவ பண்ணினதுக்கு இன்னும் ரெண்டு மாசமாவது கஷ்டப்படணும்."

"அவ திருந்திட்டாளே அம்மா!"

"நீங்க எழுதினதாலதான் அவ திருந்தினா. மாத்தி எழுதுங்க!"

கார் என் கடையைத் தாண்டிப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் மாமியாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.